மழைக்கு முன்னால் கத்தும் குஞ்சு

அம்மிணி, அன்புள்ள மகளுக்கு என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். நீ விடுதியில் இருந்த காலத்தில் நான் எழுதியதெல்லாம் "நெய் டப்பாவைத் திருப்பி அனுப்பு" என்றுதான் ஆரம்பிக்கும். இந்தத் தடவையும் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில் கேட்டாயே, "ஏனுங்கம்மா, புது ரூமைப் பூட்டி வெச்சிருக்கீங்களாமா? ஜோசியர் ஏதாச்சும் சொன்னாரா?" என்று. ஜோசியர் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தால் அவரே அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டார். பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்ததால் "வந்து பேசிக்கலாம் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்து இறங்கிய பிறகு, ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில்லை இது. அதனால் எழுதுகிறேன். முட்டை அட்டையைக் கவிழ்த்து அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதுவதால் எழுத்து கோணிக்கொண்டுதான் வரும். வீட்டில் மேசை இருக்க ஏன் இப்படி என்று கேட்பாய். அதையும் கடைசியில் சொல்கிறேன். வேறு யார் கையில் இது கிடைத்தாலும் எனக்குக் கவலையில்லை. பண்ணை வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் மூடிய கிணறு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவர்களும் படிக்கட்டும்.

ஆடியில் லீவுக்கு வந்தபோது உன் படிப்புக்காக நீயே செய்த அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாய். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் இருப்பதைக் காட்ட பூதக்கண்ணாடியைக் கொடுத்தாய். கடுகைவிடச் சின்னப் பீங்கான் துண்டு, அதன் மேல் முடியைவிட மெல்லிய பிளாட்டினக் கோடு. "அந்தக் கோடுதானுங்கம்மா அடுப்பு. அதுக்கு மேல பூசியிருக்கிற மாவுதான் மூக்கு. சூடானாத்தான் மூக்குக்கு வாசம் தெரியும்" என்றாய். எந்நேரமும் சூடாக வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும், அதனால் கண் சிமிட்டுகிற நேரம் மட்டும் தோசைக்கல்லைவிடப் பல மடங்கு சூடாகும், ஒரு தடவை முகர்ந்து பார்க்கும், உடனே ஆறித் தூங்கிவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழிக்கும் என்றாய். முகரும்போதெல்லாம் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது. கெட்ட காற்று வந்தால் சிவப்பு. அந்தப் பீங்கான் துண்டு விரிசல் விட்டு விரிசல் விட்டு நீ எத்தனை மாதம் போனில் அழுதாய் என்பது எனக்குத்தானே தெரியும். "சூடேறும்போது உடையாம இருக்கிறது பெரிசில்லீங்கம்மா, ஆறும்போது உடையாம இருக்கணும்" என்று நீ சொன்னதை நான் வேலைக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு நான் தனியாகப் புத்தி சொல்ல வேண்டியதில்லை, அதையே வைத்துக்கொள். உன் அப்பா கோபித்தால் அடுத்த நிமிஷம் ஆறிவிடுவார். எனக்கு ஆற ஒரு வாரம் ஆகும், அந்த வாரத்தில்தான் எங்கள் சண்டையெல்லாம் பெரிசாகியிருக்கின்றன.

பெட்டியைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். கோழி எச்சம் நாறுகிறது என்று சொல்ல ஒரு மிஷினா, அதற்கு ஒரு படிப்பா என்று கிண்டல் செய்தேன். உண்மையில் எங்களுக்கு நாற்றம் தெரிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா கேசரியைத் தின்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார்கள். நான் அவர்களுக்குச் சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பாவம், அதையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அபாய சத்தத்துக்குக் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் வைத்திருந்தாயே, அது உன் குறும்பு. குஞ்சு கத்தினால்தான் இந்த ஊர் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றாய். அதை முதலில் ஷெட்டில்தான் மாட்டினோம். நீ ஊருக்குப் போன மறுநாள் அது கத்தியது. உள்ளே போய்ப் பார்த்தால், அம்மிணி, கூண்டு கூண்டாக இருந்த அத்தனை கோழியும் தீனியை விட்டுவிட்டுக் கழுத்தைத் தூக்கி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. முட்டைக்கு வளர்க்கிற கோழிகள். அடைகாத்ததில்லை, ஒரு குஞ்சையும் கண்ணால் கண்டதில்லை. அத்தனை பெரிய ஷெட்டில் ஒரு கொக்கரிப்புகூட இல்லை. பண்ணைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான், அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னால் கேட்டதில்லை. தீனி எடுக்காவிட்டால் முட்டை விழாது என்று உன் அப்பா அதைக் கழற்றி, உங்களுக்காகக் கட்டிய புது அறையில் அலமாரித் தட்டில் வைத்தார். அங்கே சும்மா இருக்கட்டும் என்றார்.

புது அறை எந்த இடத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆழ்குழாய் போர் போட ஆரம்பித்ததும் வற்றிப்போன பழைய கிணறு. செத்த கோழிகளைக் கூடையில் போட்டு அதற்குள் கொட்டுவோம். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீயும் பின்னாலேயே வருவாய். "இதெல்லாம் அடியில போயி என்ன பண்ணும்?" என்று ஒரு நாள் கேட்டாய். தூங்கும் என்றேன். எல்லாப் பண்ணையிலும் அதுதான் வழக்கம், யாரும் ஒளித்துச் செய்த காரியமில்லை. கிணறு நிறைந்ததும் பலகைக்கல் போட்டு மண் கொட்டினோம். பக்கத்து ஷெட்டைக் கழுவுகிற தண்ணீர் வருஷக்கணக்காக அந்த மண்ணில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. உன் கல்யாணம் முடிவானதும், வீட்டை ஒட்டிக் காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான் என்று அறையை எழுப்பினோம். கிணற்றை நாங்கள் மறைக்கவில்லை, மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு மத்தியானம், வெயில் மங்கி மழை கட்டுகிற நேரம், அந்த அறைக்குள் குஞ்சு கத்தியது. ஏதோ நாட்டுக்கோழிக் குஞ்சு வழி தவறிப் புகுந்துவிட்டது என்று கதவைத் திறந்தேன். குஞ்சு எதுவும் இல்லை. அலமாரியில் சிவப்பு விளக்கு. கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது, பிறகு மழை வந்தது. அடுத்த மழைக்கும் அப்படியே. வெயில் காய்கிற நாளில் வாயே திறக்காது. வானம் கறுக்க ஆரம்பித்தால் பூட்டிய அறைக்குள்ளிருந்து கீச் கீச் என்று தாயைத் தேடுகிற குரல். நான் கொடியில் துணி எடுக்க அதைக் கேட்டுத்தான் ஓடுவேன். "பெயின்டு வாசத்துக்குக் கத்துது புள்ள, காஞ்சா நின்னுரும்" என்றார் உன் அப்பா. நானும் நம்பினேன்.

அந்தச் சமயத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்த செல்வி, அறையைப் பெருக்கப் போனவள் விளக்குமாற்றோடு வெளியே வந்துவிட்டாள். "ஏன்க்கா, உள்ள முட்டை எதுனா அழுவிப் போச்சா? நாத்தம் தாங்கலையே" என்றாள். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. அழுகின முட்டை நாற்றம் என்றால் ஊரில் வேறு எந்த வீட்டிலும் கேஸ் கசிகிறது என்று பயந்துபோய் ஆளைக் கூப்பிடுவார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? முட்டையைத் தேடினோம். அலமாரிக்கு அடியில், பரணில், சுருட்டி வைத்த மெத்தைக்குள்ளே, ஜன்னல் திரைக்குப் பின்னால் என்று நானும் உன் அப்பாவும் மத்தியானம் முழுக்கத் தேடினோம். முட்டை இல்லை. பத்து நாள் கழித்து செல்வியிடம் கேட்டேன், "இப்ப நாறுதா?" என்று. "எனக்கும் பழகிப் போச்சுக்கா" என்றாள். இதையும் கேட்டுக்கொள் சாமி. நீ போகிற வீட்டில் முதல் மாதம் உன் மூக்கு உண்மையைச் சொல்லும். அவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். பழகிப் போவதற்குள் பக்குவமாக வாயைத் திறந்து சொல்லிவிடு. அதேபோல் சம்பந்தியம்மா கைக்குட்டையை எடுத்தால் கோபித்துக்கொள்ளாதே. நான் அன்றைக்குக் கஷாயம் வைத்ததற்குப் பதில் என்ன வாசம் என்று கேட்டிருக்க வேண்டும்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. லாரியை விற்று இத்தனை வருஷமாகியும் உன் அப்பாவுக்கு அன்றைக்கு மட்டும் லாரிக்காரர் ரத்தம் ஓடும். தீனி அரைக்கிற மிஷின், மோட்டார் ஸ்டார்ட்டர், மிக்ஸி, துணி துவைக்கிற மிஷின் எல்லாவற்றையும் துடைத்து, டேஷ்போர்டுக்கு அடிக்கிற பாலிஷை அடித்துப் பளபளவென்று ஆக்கி, விபூதிப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தார். மகள் செய்த ஆயுதமாயிற்றே, அதை விடுவாரா? பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. ஓட்டை ஓட்டையாக இருந்த இடத்தில் தூசி இருக்கிறது என்று அங்கேயே வைத்து அடித்திருக்கிறார். சாமந்தி வேறு சுற்றியிருந்தது. அன்றோடு அது கத்துவதை நிறுத்தியது. வானம் இடிந்து விழுகிற மாதிரி மழை வந்த நாளிலும் கத்தவில்லை. பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா, பெயின்டு காஞ்சிருச்சு" என்றார்.

ஏசி மாட்டினோம். குளிர் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்தார்கள். கட்டில் இன்னும் வரவில்லை, மெத்தை தரையில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாப்பிள்ளைக்குக் குளிர் போதுமா என்று பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உன் அப்பா அதில் படுத்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டீயோடு போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே சில்லென்று இருந்தது. எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. பச்சை விளக்கு சிமிட்டியது. முதலில் கண்ணில் பட்டது பல்லிகள்தான். சுவரோரமாக, மல்லாந்து, வெள்ளை வயிறு தெரியக் கிடந்தன. எறும்புகள் ஒரே வரிசையாக, நகராமல், வரைந்து வைத்த கோடுபோல் இருந்தன. "என்னங்க, எந்திரிங்க" என்றேன். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. டீயை எங்கே போட்டேன் என்று தெரியாது. இரண்டு கையையும் பிடித்து இழுத்து முற்றத்தில் போட்டு, செல்வியும் நானும் கத்தி ஊரைக் கூட்டினோம். வாந்தி எடுத்தார், பிறகு மூச்சு வாங்கினார், பிறகுதான் என்னைத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் செய்கிற சத்தியத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். அவர் நன்றாக இருக்கிறார், பயப்படாதே. ஆனால் நான் பயந்தேன். கட்டிலும் வந்து, நீங்கள் இருவரும் கதவைச் சாத்தியிருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் உன்னிடம் ஒன்றும் தெரியாதவள்போல, பெட்டி ஏன் கத்த மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். "அப்பா அது மேல எதையாச்சும் அடிச்சாருங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாய். பாலிஷில் சிலிக்கோன் இருக்கிறது, அதன் ஆவி சூட்டில் வெந்து மூக்கின் மேல் கண்ணாடிபோல் தோல் கட்டிவிடும் என்றாய். அடுப்பு நன்றாகவே எரியும், அது நேரத்துக்கு விழிக்கும், முகரும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கும். தனக்கு வாசம் தெரியவில்லை என்பதே அதற்குத் தெரியாது என்று நீ சொன்னபோது, நான் அடுப்படியில் நின்றுகொண்டு என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். சத்தம் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே அம்மிணி, வீட்டிலும் சரி, பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனிடத்திலும் சரி. அவ்வப்போது தொட்டு எழுப்பிக் கேள்.

போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிற உன் சின்ன மாமன் விவரம் கேட்டு வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, கெணறு மூச்சு வுடுதுக்கா" என்றான். தண்ணீர் வராத போர்களில் அவன் பார்த்திருக்கிறானாம். மழைக்கு முன்னால் மேலே காற்று லேசாகிறபோது பூமிக்குள் அடைந்திருப்பது வெளியே வரும், வெயில் தெளிந்தால் திரும்ப உள்ளே இழுக்கும். நான் நம்பவில்லை. கதவு ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, ஷெட்டிலிருந்து ஒரு இறகை எடுத்து வரச் சொன்னான். டைல்ஸ் சுவரோடு சேருகிற மூலையில் ஒரு கீறல் இருந்தது. காலையில் அங்கே இறகை வைத்தோம். அது மெல்ல நகர்ந்து கீறலோடு போய் ஒட்டிக்கொண்டது, யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சுவதுபோல. சாயங்காலம் மேகம் கூடியபோது அதே இறகு ஒரு துள்ளல் துள்ளித் தள்ளி விழுந்தது. இத்தனை வருஷம் தூங்கும் என்று உனக்குச் சொன்னேனே, அது நினைவுக்கு வந்தது.

அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உன் அப்பாவுக்கோ கௌரவம். "சம்பந்தி ஊட்டுக்கு என்னன்னு சொல்றது? செத்த கோழி மேல ரூம் கட்டிப்போட்டோம்னா?" என்று என்னோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை. நல்ல வெயில் காய்ந்த ஒரு நாளில் சாவியை வாங்கி, ஆளை விட்டுக் கீறலைக் கொத்தி, சிமெண்டு போட்டு, அறை முழுக்க அடைத்துப் பூசினார். நீ அனுப்பிய புதுப் பெட்டியை, பாலிஷ் படாமல் என் கையாலேயே பிரித்து, உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். மழை வந்தது. கத்தவில்லை. இது நல்ல மூக்கு, இதை நம்பலாம். அடுத்த மழைக்கும் பச்சைதான். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார். நேற்று நீ பேசும்போது அந்தச் சந்தோஷத்தோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நானும் மனதுக்குள் சம்மதித்துவிட்டேன்.

இன்று மத்தியானம் மழை கட்டியது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போய்ப் பெட்டியை எடுத்தேன். பச்சை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன், நானும் அப்பாவும் பாய் போட்டுப் படுக்கிற இடத்துக்கு. தினமும் காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, கல்யாண வேலை என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பெட்டியைத் தலையணைப் பக்கம் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

குஞ்சு கத்தியது.

அங்கே வழி அடைத்ததும் இங்கே வந்துவிட்டது. அடுப்படிக்குக் கொண்டுபோனேன், கத்தியது. நீ படித்து வளர்ந்த அறையில் வைத்தேன், கத்தியது. உன் அப்பா வந்து நின்று பார்த்தார். அவரே போய் அடுப்பு சிலிண்டரை மூடிவிட்டு, இரண்டு பாயையும் தலையணையையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அம்மிணிக்கு எழுதிப்போடு. இனி எதையும் மறைக்க வேண்டாம்" என்றார்.

ரோட்டோரத்து முட்டை குடோனில்தான் இருக்கிறோம். நாலு பக்கமும் காற்று வருகிறது. மாமன் ஆட்களோடு வந்து கிணற்றுக்குள் குழாய் இறக்கி உயரத்தில் மூச்சு விட வழி செய்கிறானாம், பிறகு தோண்டி எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குள் முடியாது. மறுவீடு எருமப்பட்டியில் மாமன் வீட்டில். சம்பந்தியம்மாவிடம் காரணத்தை நானே சொல்கிறேன். நீ மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வா, ஆனால் நம் வீட்டு வாசல்படி ஏறாதே. என் மகளிடம் இப்படியும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன்.

பெட்டியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம், எப்போது அடங்குகிறது என்று வெளியே நின்று கேட்கலாம் என்று. ஆளில்லாத வீட்டில் அது ஒன்று மட்டும் நேரத்துக்கு விழித்து, சூடாகி, முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். கத்தல் சற்று நின்றிருந்த நேரம் உன் அப்பா கதவைப் பூட்டினார். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் சொல்லுகிற பழக்கத்தில், உள்ளே ஆள் இருப்பதுபோல், "வாரோமுங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து கீச் என்று ஒரு குரல் வந்தது. அவர் சாவியை என் கையில் திணித்துவிட்டு, படியில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைப் பார்த்து நடந்தார்.